காடாத்தப் போனவன்

நல்லம்மா கடைசியாகக் கேட்டது தண்ணீர். கந்தப்பன் கொடுக்கவில்லை.

கொடுக்கக் கூடாது என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லியிருந்தார். வயிற்றோட்டம் கண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். கந்தப்பன் ஒரு துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தான். அவள் அதைப் பல்லால் கடித்து உறிஞ்சினாள். பயந்துபோய் அதையும் பிடுங்கிக்கொண்டான். "கொஞ்சம் பொறு புள்ள. மருந்துக்காரரு வரட்டும், கேட்டுட்டுத் தரேன்" என்றான். மருந்துக்காரர் வந்து, கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் குனிந்து நுழைந்தபோது கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

அதனால்தான் ஒரு செம்பு பால் அவனுக்கு அவ்வளவு பெரிய விஷயமாகிப் போனது.

புதைத்த மறுநாள் குழிமேட்டுக்குப் போய் மண்ணைக் கூட்டி, நவதானியம் தூவி, தண்ணீரும் பாலும் ஊற்றிவிட்டு வருவதைக் காடாத்துவது என்று சொல்வார்கள். இடுகாட்டைக் காடு என்றுதானே சொல்கிறோம். அந்தக் காட்டின் சூட்டை ஆற்றுவது, அங்கே படுத்திருக்கிறவரைக் குளிர வைப்பது. செய்யாமல் விட்டால் போன உயிர் தாகத்தோடு அலையும் என்பார்கள். ஊரில் மற்றவர்களுக்கு அது சடங்கு. கந்தப்பனுக்கோ, உயிரோடு இருந்தவளுக்குக் கொடுக்காத தண்ணீரைக் கொடுக்க மிச்சமிருந்த ஒரே வழி.

அவனுடைய மாமியார் ரெங்கம்மாவுக்கும் அது தெரியும். பார்வை மங்கி, கொழுந்து எடுக்கப் போவது நின்று, மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். மகள் செத்த அன்று அவள் ஒப்பாரி வைக்கவில்லை. மருமகனை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. மறுநாள் அவன் பாலோடு கிளம்பும்போது மட்டும் அவன் கையைத் தடவிப் பிடித்தாள்.

"மாப்புள, அவ தொண்ட காஞ்சு போயிருக்கா. மொதல்ல தண்ணிய ஊத்து, அப்பறம் பால ஊத்து. அவசரப்பட்டு ஒரேடியாக் கவுத்துறாத. கொஞ்சங் கொஞ்சமா ஊத்து."

"சரிங்க அத்த" என்றான்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. நமுனுகுல மலையின் சரிவில் ஓடைமலைத் தோட்டம் என்று ஒரு தோட்டம். தேயிலை கீழே ஆற்றங்கரையில் தொடங்கி மலையில் பாதிக்கு மேலே ஏறி நிற்கும். அதற்கும் மேலே, உச்சியைச் சுற்றிக் காடு. ஒரு காலத்தில் அந்தக் காடு ஆறுவரைக்கும் இறங்கியிருந்ததாம். முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெட்டிச் சாய்த்து, மாசக்கணக்கில் எரித்து, மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். வெட்டியவர்கள் இந்த லயத்து ஆட்களின் அப்பன்மார்தான். வெட்டச் சொன்னவர்கள் துரைமார்.

இடுகாடு முதலில் லயத்துக்குக் கீழேதான் இருந்தது. அந்தத் துண்டு நிலத்திலும் தேயிலை போட வேண்டும் என்று ஒரு துரைக்குத் தோன்றியது. அப்படியானால் பிணத்தை எங்கே கொண்டுபோவது என்று கேட்டபோது அவர் குதிரையில் இருந்தபடியே மேலே கை காட்டினார். கடைசித் தேயிலை வரிசையைத் தாண்டி, மரங்களுக்குள்ளே. அன்றிலிருந்து செத்தவர்களை மேலே தூக்கினார்கள். மரம் நிற்கிற காடும் மனிதர் படுத்திருக்கிற காடும் ஒரே இடமாகிவிட்டன. ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

முந்தின வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். கடைசித் தேயிலை வரிசையை ஒட்டி ஒரு கோடு வெட்டினார்கள். தூரத்துக்குத் தூரம் ஒரு கல் நட்டு, கல்லில் எழுத்துக் கொத்தினார்கள். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் இனிமேல் ராசாவின் காடு, சட்டம் போட்டுக் காக்கிற காடு என்று கணக்கப்பிள்ளை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், உரக்கச் சொன்னார். உள்ளே போய் மரம் வெட்டக்கூடாது, விறகு பொறுக்கக்கூடாது, தேன் எடுக்கக்கூடாது, தீ வைக்கக்கூடாது, மண் வெட்டக்கூடாது, எதையும் விதைக்கக்கூடாது, மீறினால் மறியல், சிறைவாசம்தான்.

"மூச்சு விடலாங்களா, இல்ல அதுக்கும் துண்டுச்சீட்டு வாங்கணுங்களா?" என்று பின்வரிசையில் இருந்து ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப செத்தா எங்கங்க போறது?" என்று இன்னொருத்தன் கேட்டான். அவன் உண்மையாகத்தான் கேட்டான். ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"செத்தவனா வெறகு பொறுக்கப் போறான்? போடா" என்றான் பக்கத்தில் நின்றவன். கணக்கப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்வி அதோடு போயிற்று. அதற்கப்புறம் அதை யாரும் கேட்கவில்லை.

காட்டுக்குக் காவலாக புஞ்சிராளை என்ற ஒரு சிங்களவரைப் போட்டார்கள். வெல்லவாயப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தில் காட்டை வெட்டி, எரித்து, பயறும் எள்ளும் குரக்கனும் விதைப்பார்கள். சேனை என்பார்கள் அதை. அவருடைய அப்பா, பாட்டன் எல்லோரும் சேனை போட்டுச் சாப்பிட்டவர்கள். சட்டம் வந்து அதை மறித்த பிறகுதான் அவருக்கு வேறு பிழைப்பு இல்லாமல் இந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் போடுகிற சேனையைப் பிடித்துக் கொடுப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை.

நல்லம்மாவைப் புதைத்த அன்று அவர் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். காடாத்த வந்த அன்று இந்தப் பக்கம் இருந்தார்.

கந்தப்பன் தனியாகத்தான் போனான். அடக்கத்துக்கு ஒருநாள் ஆட்களை விட்டாயிற்று, மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தாக வேண்டும் என்று துரையின் உத்தரவு. மண்வெட்டி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, நவதானியப் பொட்டலம், ஒரு குடுவைத் தண்ணீர், செம்பில் பால். செம்பின் வாயை ஒரு இலையால் மூடி மரத்தடியில் நிழலாக வைத்தான். முந்தின நாள் அவசரத்தில் போட்ட மண்ணைக் கூட்டி மேடாக்கினான். அந்தப் பக்கம் காட்டுப்பன்றி அதிகம். புதுமண் வாசம் பிடித்து வந்து கிளறிவிடும். சுற்றிலும் நாலு முள்ளுக் கிளையை வெட்டிப் போட்டான். தானியத்தைத் தூவி, விரலால் மண்ணைக் கிளறி மூடினான். இனித் தண்ணீரும் பாலும்தான் பாக்கி. ரெங்கம்மா சொன்ன மாதிரி பதமாக, நிதானமாக ஊற்ற வேண்டும் என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

புஞ்சிராளை பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இவனுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. "காடாத்துறேன் ஐயா" என்றான். அவருக்கு அதில் காடு என்ற சொல் மட்டும் விளங்கியது. அவர் குனிந்து மேட்டு மண்ணில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் பயறு, எள்ளு, கொள்ளு. வெட்டிய கிளை. கொத்திய மண். சுற்றிலும் வேலி. அவர் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த காட்சி. பழைய குழிமேடுகள் புதர் மூடிக் கிடந்ததால் அவர் கண்ணில் படவில்லை. மனிதரைப் புதைத்த மண்ணில் தானியம் விதைக்கிறவர்களை அவர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

கந்தப்பன் செம்பை எடுக்கப் போனான். ஒரே நிமிஷம், இதை மட்டும் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கையால் காட்டிக் கெஞ்சினான். இவன் எதையோ கொட்டி மறைக்கப் பார்க்கிறான் என்று புஞ்சிராளை நினைத்தார். செம்பை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர்க் குடுவை கால் பட்டுச் சரிந்து, உருண்டு போனது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கீழே. அந்தப் பகுதிக்கு அப்போது நிரந்தரக் கோர்ட்டு கிடையாது. கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் எப்போதாவது ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து வழக்குக் கேட்டுவிட்டுப் போவார். அவர் வரும்வரைக்கும் கந்தப்பனைப் பின்னால் ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள்.

வழக்கு அன்று காலையில் பெரிய கங்காணி சிவஞானம் அவனைப் பார்க்க வந்தார். கந்தப்பனையும் அவன் அப்பனையும் திருச்சிச் சீமையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த குடும்பம் அவருடையது. கோட்டுக்கு மேலே தோட்டம் ஒருநாளும் ஒரு அடி மண்ணைத் தொட்டதில்லை என்று தோட்டத்துத் துரை மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார். இப்போது அங்கே இடுகாடு இருப்பது வெளியே வந்தால் துரை தலைகுனிய வேண்டும். அதோடு, தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பிணத்துக்கு இடம் விட வேண்டும். இதையெல்லாம் கங்காணி கந்தப்பனுக்கு விளக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இங்க பாரு கந்தப்பா. கேட்ட கேள்விக்கு ஆமாங்கன்னு சொல்லு. எதுத்துப் பேசாத. ஒத்துக்கிட்டா கண்டிச்சு விட்டுருவாங்க. ஆனா பொணம் பொதைச்ச கதைய மட்டும் வாயில எடுத்துறாத. எடுத்தியோ, நீயும் ஒன் மாமியாக் கெழவியும் சாயந்தரமே ரோட்டுல நிக்க வேண்டியதுதான். தொரை அப்பிடித்தான் சொல்லிட்டாரு. வெளங்குதா?"

"வெளங்குதுங்க. அந்தச் செம்பு மட்டும்..."

"செம்பெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்டா."

செம்பு, வழக்குக் கேட்க வந்த துரைக்கு முன்னால் மேசையில் இருந்தது. பக்கத்தில் மண்வெட்டி, கத்தி, மிச்சத் தானியம். பால் திரிந்து, புளித்து, அந்த அறை முழுக்க நாற்றம். துரை கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். துபாஷி அவருக்குப் பக்கத்தில் நின்றார். தமிழ் அந்தத் துபாஷிக்குத் தாய்ப்பாஷை இல்லை. கடைகளில் பேசிப் பழகிய தமிழ். கெட்டவர் இல்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

"நீ காட்டுக்குப் போனதா?"

"ஆமாங்க."

"என்னத்துக்குப் போனது?"

"காடாத்தங்க."

துபாஷி ஒரு கணம் யோசித்தார். "காடு, என்ன? வெட்டறதா?"

ஆமாங்க சொல்லச் சொன்னது கந்தப்பனுக்கு ஞாபகம் வந்தது. முள்ளுக் கிளை வெட்டியதும் உண்மைதான். "ஆமாங்க, கொஞ்சமாத்தாங்க வெட்டுனேன்" என்றான்.

"மண் கொத்துனதா? தானியம் போட்டதா?"

"ஆமாங்க. மொறப்படி ஒம்போது தானியமும் போட்டேனுங்க."

துபாஷி அதைத் துரையிடம் சொன்னார். துரை தலையை ஆட்டினார். பிறகு அந்தச் செம்பைக் காட்டி ஏதோ கேட்டார்.

"பாலுங்க" என்றான் கந்தப்பன்.

"யாருக்குப் பால்?"

"நல்லம்மாவுக்குங்க."

"நல்லம்மா யாரு?"

"எம் பொஞ்சாதிங்க."

"அவ இப்போ எங்க?"

கந்தப்பன் கங்காணியைப் பார்த்தான். கங்காணி ஓரத்தில் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் தரையைப் பார்த்தார். செத்துப் போயிட்டா என்ற சொல்லைக் கந்தப்பன் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை, எல்லோருக்கும்தான் தெரியுமே. இப்போது சொல்ல வாயெடுத்தாலும் அதற்கு அடுத்த கேள்வி எங்கே புதைத்தாய் என்பதுதான். அவனுக்கு ரெங்கம்மாவின் ஞாபகம் வந்தது. கண் தெரியாத கிழவி ரோட்டில் மூட்டையோடு நிற்பது மாதிரித் தெரிந்தது.

"காட்டுலதாங்க இருக்கா" என்றான்.

துபாஷி அதையும் சொன்னார். துரை கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. நல்ல மனிதர், பொறுமையாகவே பேசினார். துபாஷி தனக்குத் தெரிந்த தமிழில் அதைச் சுருக்கினார்.

"துரை சொல்றது, கேட்டுக்கோ. காடு தண்ணிக்கு அம்மா மாதிரி. மேல காடு இருந்தாத்தான் கீழ ஓடை, ஆறு. காடு வெட்டினா தண்ணி இல்ல. ஜனம் எல்லாம் தாகத்துல சாகும். அதுக்குத்தான் இந்தச் சட்டம். தாகம்னா எப்படி இருக்கும், உனக்குத் தெரியுமா?"

கந்தப்பன் மேசையில் இருந்த செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆமாங்க" என்றான்.

ஒரு மாதம் மறியல் கிடைத்தது. கண்டித்து விட்டுவிடுவார்கள் என்று சொன்ன கங்காணி வெளியே வந்தபோது, இது நான் நினைத்ததைவிடக் கூடத்தான் என்றார். இன்னொரு தடவை கோட்டைத் தாண்டினால் பத்துச்சீட்டுத்தான், தோட்டத்தைவிட்டே வெளியேற்றம்தான் என்று தோட்டத்துத் துரை சொன்னதை மட்டும் மறக்காமல் சொல்லி அனுப்பினார்.

மறியலில் அவன் கல் உடைத்தான். வெயிலில் உடைக்கிறவர்களுக்கு ஒரு வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். கந்தப்பன் ஒவ்வொரு தடவையும் குடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தரையில் ஊற்றினான். பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தன், "என்னப்பா, பூமாதேவிக்கு வெக்கையா?" என்று கேலி செய்தான். கருமாதி நாள் வந்தது, போனது. மொட்டை அடிக்க அங்கே ஒருத்தரும் இல்லை. மறியலுக்குள் வந்த அன்றே எல்லோருக்கும் அடித்துவிட்டிருந்தார்கள்.

வெளியே வந்து கால்நடையாகத் திரும்பும்போது கடைவீதியில் மொஹிதீன் நானாவின் தேத்தண்ணிக் கடை. நானா அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அன்றைக்கு அவரும் ஒரு மாட்டு வழக்குக்காகக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர். துரை பேசுகிற பாஷை அவருக்குக் கொஞ்சம் விளங்கும்.

"வா, வா, சேனைக்காரர். உக்காரு. எத்தினி மூட்டை அறுவடை?" என்றார்.

கந்தப்பனுக்கு விளங்கவில்லை. என்ன சேனை என்று கேட்டான்.

"அட, காட்ட வெட்டி, மண்ணக் கொத்தி, ஒம்பது சாமான் வெதச்சேன்டு நீதானே வாய் நெறைய ஒத்துக்கிட்ட? பொஞ்சாதியயும் காட்டுக்குள்ள குடிவெச்சு, பால் வேற கொண்டுபோய்க் குடுக்கிற ஆளாமே. துரை எழுந்து போகக்குள்ள, அந்தப் பொம்புளயயும் காட்டுலருந்து வெளியேத்தச் சொல்லி ஓடர் போட்டுட்டுத்தான் போனார். இன்னும் புடிக்கல்லயாம். எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கிற அவள?"

சொல்லிவிட்டு நானா நன்றாகச் சிரித்தார். கந்தப்பன் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கந்தப்பன் அப்போதுதான், நின்ற நிலையில், முதல்தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னான்.

"அவ செத்துப் போயிட்டா நானா. அது அவ குழிமேடு."

நானா கையில் பிடித்திருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அல்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவர் உள்ளே போய், காய்ச்சாத பாலை ஒரு போத்தலில் ஊற்றி, வாழைச்சருகைச் சுருட்டி அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் அங்கேயே வாயைத் திறந்து சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை.

அவன் லயத்துக்குப் போகவில்லை. ஓடை ஓரமாகவே மலை ஏறினான். மாதம் ஒன்றானாலும் பரவாயில்லை, முறை தவறினாலும் பரவாயில்லை, போய் ஊற்றிவிட வேண்டும். ஓடையில் தண்ணீர் நிறைய ஓடியது. மேலே அந்தக் காட்டிலிருந்து வருகிற தண்ணீர்தான். கீழே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கழுவி, அதில் தண்ணீர் அள்ளி, சிந்தாமல் பிடித்துக்கொண்டு போனான். வெயில் இறங்கத் தொடங்கிய நேரம். கடைசித் தேயிலை வரிசைக்கு வந்தபோது கல்லுக்குப் பக்கத்தில் புஞ்சிராளை உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இவனைக் கண்டதும் அவர் எழுந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் துடைத்தார். அவருக்கு இப்போது தமிழ் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது.

"வர வேணாம்" என்றார். "எங்க பெரிய மாத்தயா, காட்டு அதிகாரி, மேல இருக்கார். என் வேலை போயிரும். நீயும் திரும்ப மறியல்."

"ஐயா, ஒரு நிமிசம். ஊத்திட்டு வந்துர்றேன். நீங்களும் கூட வாங்க."

புஞ்சிராளை அவன் முன்னால் வந்து வழியை மறித்து நின்றார்.

"கோர்ட்டுல சொன்னாங்க, வெதச்ச பாத்தி எல்லாம் கொத்திப் போட்டு, கன்னு நடச் சொல்லி. நான்தான் கொத்தினது." அவர் தன் கைகளைப் பார்த்தார். "கொத்தக்குள்ள துணி கண்டேன். மஞ்சத் துணி. எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஒடனே மூடிட்டேன். பெரிய மாத்தயாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், இது சேனை இல்ல, ஆள் பொதச்சிருக்கு அப்படின்னு. அவர் சொன்னார், தோட்டத்துத் துரைகிட்ட கேட்டாச்சு, அங்க ஒரு பொணமும் இல்லையாம். துரை இல்லன்னு சொன்னா இல்லதான். கன்னு நடு அப்படின்னார்."

மஞ்சள் துணி ரெங்கம்மா போர்த்தியது. கந்தப்பன் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லுக்கு அந்தப் பக்கம் முள்வேலி இல்லை, மேடுகள் இல்லை. நல்லம்மாவுடையது மட்டும் இல்லை, அவனுடைய அப்பனுடையதும் மற்றவர்களுடையதும் எல்லாம் நிரவப்பட்டிருந்தன. இடம் முழுக்க ஒரே அளவுக் கன்றுகள், கயிறு பிடித்து நட்ட மாதிரி வரிசையாக. அருமையாகத் துளிர்த்திருந்தன.

"எது அவ எடம்? கையால காட்டுங்க, போதும்."

புஞ்சிராளை திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினார். பிறகு அந்தக் கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு" என்றார். "கொண்டா, நான் போய் ஊத்துறேன். எனக்குப் பாவம் போகட்டும்."

"எங்கன்னு ஊத்துவீங்க ஐயா?"

உச்சிப் பக்கமாக யாரோ அவரைச் சிங்களத்தில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் போக வேண்டியிருந்தது. சீக்கிரம் இறங்கிப் போ என்று கையால் காட்டிவிட்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினார்.

கந்தப்பன் கோட்டில் நின்றான். ஒரு அடி எடுத்து வைத்தால் காடு. அடி எடுத்து வைத்தாலும் அவள் எங்கே என்று தெரியாது. தெரியாத இடத்துக்குப் போய்ப் பிடிபட்டு, கிழவியை ரோட்டில் நிறுத்துவதா? அவன் கல்லின் காலடியில் குந்தினான். ரெங்கம்மா சொன்ன மாதிரி முதலில் சிரட்டைத் தண்ணீரை ஊற்றினான். பிறகு போத்தலின் சருகை எடுத்துவிட்டுப் பாலை ஊற்றினான். கொஞ்சங் கொஞ்சமாகத்தான் ஊற்றினான்.

ஆனால் மலை மலைதானே. கல்லின் மேல்பக்கமாகத்தான் ஊற்றினான். ஊற்றிய பால் கல்லைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. அவன் உள்ளங்கையை அணையாக வைத்துத் தடுத்துப் பார்த்தான். மண்ணைக் கூட்டித் தடுத்துப் பார்த்தான். விரலிடுக்கில் வழிந்து, வெள்ளையாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, முதல் தேயிலைச் செடியின் தூரில் போய்ச் சேர்ந்து, அங்கே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நல்லம்மா இருந்த பக்கமாக ஒரு சொட்டும் ஏறவில்லை.

போத்தலைக் கவிழ்த்து உதறினான். பிறகு எழுந்து இறங்கினான்.

லயத்து வாசலில் ரெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள். மெலிந்துவிட்டாயா என்று கேட்கவில்லை, மறியலில் அடித்தார்களா என்று கேட்கவில்லை. அவன் கையைத் தேடிப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பால் வாசம் இருந்தது.

"போயிட்டுத்தான் வாரியா மாப்புள?"

"ஆமாங்க அத்த."

"தண்ணிய மொதல்ல ஊத்துனியா?"

"ஆமாங்க."

"நெதானமா?"

"ஆமாங்க."

"மண்ணு உறிஞ்சிருச்சா? குடிச்சாளா எம் மக?"

அவள் அந்தக் கையை விடாமல், மங்கிய கண்ணை அவன் முகத்துக்கு நேராக உயர்த்திக் காத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றான் கந்தப்பன்.